மூன்று தடவை வந்த ஓடிபி

போன வாரம் ஒரு பொய் சொன்னேன். அதுவும் பெற்ற மகளிடம்.

ஷீலாவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். பாடியிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மாங்காட்டுக்குப் போய்விட்டாள். அங்கே புது ரேஷன் கார்டு வாங்க வேண்டுமென்றால், இங்கே எங்கள் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்க வேண்டும். அரை நாள் லீவு போட்டு, பூந்தமல்லியில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தாள்.

“நைனா, உன் போனுக்கு ஒரு ஓடிபி வரும். பாத்துச் சொல்லு.”

வந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆசாமி. போனில் எது வந்தாலும் எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படித்துவிடுவேன். படித்தேன். எண்ணுக்குக் கீழே, ‘இதை யாருக்கும் சொல்ல வேண்டாம்’ என்று போட்டிருந்தது.

அப்பாடா! அரசாங்கமே சொல்லிவிட்டதே.

“இன்னும் வரலம்மா.”

பத்து நிமிஷத்தில் இன்னொரு எண் வந்தது. மறுபடியும், “வரலம்மா.”

“இன்னா நைனா, டவர் இல்லியா? பின்னாடி கியூ நிக்குது. கம்ப்யூட்டர்ல கீற அக்கா மொறைக்குது.”

“மாடிக்குப் போய்ப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

காகித ரேஷன் கார்டு ஞாபகத்துக்கு வந்தது. அதில் பெயர் நீக்க ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். ‘ஆபீசர் இல்லை, நாளைக்கு வா’ என்பார்கள். எவ்வளவு திட்டியிருப்பேன்! இன்று அந்த ‘நாளைக்கு வா’வுக்கு மனசு ஏங்கியது. அவர்கள் இழுத்தடிக்கிற வரைக்குமாவது மகள் நம் கார்டில் இருப்பாளே? இப்போது எல்லாமே பத்து நிமிஷம். நல்லதுதான் — யார் இல்லையென்றார்கள்? ஆனால், பெண்ணைப் பிரிய ஒரு அப்பனுக்குப் பத்து நிமிஷம் போதுமா?

மூன்றாவது எண் வந்தது. கூடவே அவள் போனும். மையத்தை விட்டு வெளியே வந்து பேசுகிறாள் போல. பஸ் ஹாரன் கேட்டது. குரல் தணிந்திருந்தது.

“நைனா... வந்துடுச்சு, இல்ல?”

“யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுக்கீதும்மா...”

“அப்போ நான் யாரோவா நைனா?”

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். கடைசி இலக்கத்தை இரண்டு தடவை சொன்னேன் — தப்பாகிவிட்டால் பாவம், இன்னொரு அரை நாள் லீவு போட வேண்டுமே. எண்ணை முணுமுணுத்துக்கொண்டே அவள் உள்ளே ஓடுவது கேட்டது.

நேற்று மெசேஜ் வந்தது. பெயர் நீக்கப்பட்டது. காரணம்: திருமணம்.

இனி மாதாமாதம் சர்க்கரையில் அரை கிலோ குறையும். டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடிக்கிறவளே இங்கே இல்லை. குறைந்தால் என்ன? போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“பொண்ணு போயி மூணு மாசமாவுது. உனக்கு இன்னிக்குத்தான் மெசேஜ் வந்துச்சாய்யா?”