உத்தரவு கேட்டுக் காத்திருந்த மூன்று மாதம்

ஜூலை 9, புதன்கிழமை. வழக்கம்போல நாலரைக்கு எழுந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்குக் கணவரை ஏரிக்கு அனுப்பினேன். நான்கு மணிக்குக் கைப்பேசியில் லூடோ குழுப் போட்டி.

அந்தக் குழுவை விட்டு விலக மூன்று மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வராவிட்டாலும் குழுத் தலைவி எல்லோர் முன்னிலையிலும் திட்டுவாள். எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஏரியில் வலை போட இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. ஊர்த் தலைவர் உத்தரவில்லாமல் அதிலிருந்து யாரும் விலக முடியாது. விளையாட்டுக் குழுவும் அப்படித்தான் என்று நம்பி, குழுத் தலைவியிடம் நான்கு முறை உத்தரவு கேட்டேன். “அக்கா, நீங்க போனா டீமே காலி” என்று மறுத்துவிட்டாள்.

அன்று ஆட்டத்தின் நடுவே கணவர் மூன்று முறை அழைத்தார். மூன்றையும் துண்டித்தேன். ஆறு மணிக்கு வேறொரு படகு அவர் படகை இழுத்து வந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் படகைக் கடலுக்குத் தள்ளியிருக்கிறது.

“மூணு தபா அடிச்சேனே, இன்னாம்மே பண்ணினு இருந்த?”

“ஆட்டத்துல இருந்தேன். நடுவுல போவ தலைவி உத்தரவு குடுக்கமாட்டா.”

“மூஞ்சி தெரியாதவகிட்ட இன்னா உத்தரவு? நான் கடலோட போயிருந்தா அவளா வந்து தேடுவா?”

அன்றிலிருந்து அவர் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் நான் கைப்பேசியில் விளையாடுவதில்லை. மறுநாள் காலை, அடுப்பு பற்றவைக்கும் முன்பே, யாரையும் கேட்காமல் ‘வெளியேறு’ என்பதை அழுத்தினேன். உடனே குழுவில் இருந்த இன்னொரு பெண் தனியாகச் செய்தி அனுப்பினாள்: “அக்கா, உங்கள விட்டுட்டாங்களா? எனக்கும் கேட்டுச் சொல்லுங்களேன்.”