காய்ச்சல் வராதவர்

“உங்க புள்ள பகல்ல எங்கம்மா சாப்பிடுது?”

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்துவந்த டிரசர் என் வீட்டு வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இது. கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசி. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் டைபாய்டு மூன்றாவது மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் மூன்று வயது மகள் அப்போதுதான் பிழைத்து எழுந்திருந்தாள்.

எல்லாரும் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டோம். தொட்டியில் மருந்து கலந்தார்கள்; காய்ச்சித்தான் குடித்தோம். காய்ச்சல் நிற்கவில்லை. எங்கள் குடியிருப்பு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் வேறு வேறு ஓடைத் தண்ணீர். இரண்டு லயத்திலும் பிள்ளைகள் படுத்தார்கள். டிரசர் வீடு வீடாகக் கேட்டு எழுதியதில் ஒன்று தெளிவானது. படுத்தவர்கள் எல்லாரும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள். கொழுந்தெடுக்கப் போகும் நாங்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அங்கே கஞ்சி காய்ச்சியவர் என் கணவரின் அக்காள்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி கஞ்சியைத் தளதளவென்று கொதித்த பிறகுதான் இறக்குவார். ஆறியதும் கையால் மசித்து, ஒவ்வொரு வாயாக ஊட்டுவார். கரண்டி ஈறில் குத்திவிடும் என்று அவருக்குப் பயம்.

கொட்டகையில் வேலை செய்த மூவரின் மலத்தையும் ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி அண்ணியிடம் மட்டும் இருந்தது.

“எனக்கு ஒரு தலைவலிகூட வரலையேய்யா,” என்றார் அண்ணி.

சின்ன வயதில் ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்ததை டிரசர்தான் கேட்டுக் கேட்டு அவர் நினைவுக்கு வரவழைத்தார். “காய்ச்சல் போயிடுச்சு. கிருமி உள்ளயே தங்கிடுச்சும்மா. கை வழியா கஞ்சிக்குப் போயிருக்கு. யாரு மேலயும் குத்தம் இல்ல லா,” என்றார்.

அதே வாரம் கீழ் லயத்தில் கொட்டகைப் பையன் ஒருவன் அந்தக் காய்ச்சலில் இறந்தான்.

அண்ணி கொழுந்து வேலைக்கு மாற்றப்பட்டார். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். அவர் வீட்டில் அக்கம்பக்கத்தார் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நானும் அப்படித்தான். மகளைப் பார்க்க வந்த அண்ணி நீட்டிய பிஸ்கட்டை நானே முந்தி வாங்கி, அவர் படியிறங்கியதும் அடுப்பில் போட்டேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தடுத்த சோதனைகளில் கிருமி இல்லை என்று வந்தது. வேலைக்குக் கிளம்புமுன் எல்லாரும் கூடும் காலைப் பெரட்டில் டிரசர் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தார். “இனிமே இவங்க கொட்டகையில சமைக்கலாம்.”

அண்ணி மறுத்துத் தலையை ஆட்டினார். “வேணாம்யா. காயிதம் சொல்லுது, சரி. எனக்குக் கை வராது.”

இறந்த பையனின் தாய் முன்வரிசையில் நின்றிருந்தாள். கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணியிடம் வந்தாள்.

“நேரமாச்சுக்கா. வாங்க, போலாம்.”

இருவரும் ஒரே தேயிலை நிரையில் மேடேறினார்கள். நான் சற்றுப் பின்தங்கியே நடந்தேன்.