பேப்பரில் பிடித்துக் கொடுத்த பிரஷ்

மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு டெல்லி போக வேண்டியிருந்தது. பையில் அடங்குகிற மாதிரி சின்ன ஷேவிங் பிரஷ் தேடி, செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன்.

கடைக்காரர் நைலான் பிரஷ்களாகவே எடுத்துப் போட்டார். நைலான் என் கன்னத்துக்கு ஆகாது. கண்ணாடி அலமாரியின் ஓரத்தில், மூடி போட்ட வேறொன்று தெரிந்தது. அதைக் கேட்டேன்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க."

பிறகு ஏன் கடையில் வைத்திருக்கிறார்? யாருக்காக? சந்தேகம் வந்துவிட்டது. விடாமல் கேட்டேன். அவர் அதைப் பேப்பரால் பிடித்து எடுத்தார். நான் கையை நீட்டினேன். கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார்.

டீக்கடையில் தனி கிளாஸில் குடித்து வளர்ந்தவன் நான். "இன்னாய்யா, என் கை பட்டா தீட்டா?" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் பதறிப்போனார். "ஐயோ, அது பன்னி முடிங்க. நாங்க ஜைனருங்க, தொடமாட்டோம். ஏஜென்ட்டு மாத்திக் குடுத்துட்டான், திருப்பி அனுப்ப வச்சிருக்கேன்."

பிறகு ஒரு நைலான் பிரஷை எடுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, புறங்கையில் மெதுவாகத் தேய்த்தார்.

"குத்துதா, பாருங்க?"

குத்தியது. "இல்லீங்க" என்றேன்.

விழாப் படத்தில் கன்னம் சிவந்துதான் நிற்கிறேன். 'என் கை பட்டா தீட்டா' என்ற கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியவர்கள் பலர். அவர்களிடமெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, கேட்கக் கூடாத ஒருவரிடம் போய்க் கேட்டேன்.