கடலில் நின்றபடி வந்தவர்

ஒரு சாக்குக்கு அம்மா என் அப்பாவின் சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிய காலையில் எனக்கு ஏழு வயது.

அறுபதுகளின் தொடக்கம். தேக்காவில் மளிகைக் கடை ஒன்றின் மாடியறையில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சாங்கிக் கடற்கரையில் வேலை. வெள்ளைக்காரர்கள் பந்தயம் விடும் பாய்மரப் படகில் பாய் ஏற்றி இறக்குபவர். ஒரு விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து அடித்த காற்றில் படகு சாய்ந்து, அவர் கடலில் விழுந்துவிட்டார். தேடினார்கள். கிடைக்கவில்லை. இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அம்மா அதைச் சொன்ன விதமே வேறு.

"எந்தக் கப்பல்காரனாச்சும் தூக்கியிருப்பான். எந்த ஊர்ல எறக்கிவிட்டானோ. வழி தெரிஞ்சு வருவாரு."

அதனால் அவள் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. காரியம் எதுவும் செய்ய அவள் சம்மதிக்கவில்லை. கீழே தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அந்தக் குங்குமத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். எனக்கு அம்மாவின் பேச்சில் சந்தேகமே இல்லை. நான் படிக்கட்டில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். விழுந்தவர்கள் எழுந்து வரத்தான் செய்வார்கள்.

அம்மாவின் தம்பியான என் மாமா, அதே படகில் அப்பாவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒருநாள் அவரே தடித்த பருத்தி நாடாவும் பித்தளைக் கொக்கியும் எடுத்துக்கொண்டு வந்து, அம்மா கூலிக்குத் துணி தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆளு விழுந்தாலும் படகோட கட்டுனாப்ல இருக்கணுமாம்க்கா. வெள்ளைக்காரத் துவான் சொல்றாரு. நெஞ்சச் சுத்தி பெல்ட்டு, பெல்ட்டுல கயிறு, கயித்து முனையில கொக்கி. தச்சுத் தரியா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்லா."

அம்மா நாடாவை வாங்கிக்கொண்டாள். நாலைந்து ஊசிகள் உடைந்தன. தைத்து முடித்ததும் என்னை அதில் மாட்டி உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். நான் ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தொங்குனா மட்டும் போதாது. தண்ணியில இழுத்துப் பாக்கணும். நானும் வரேன்," என்று மாமாவிடம் சொன்னாள்.

பஸ்ஸில் சாங்கிக்குப் போனோம். பிடோக் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கடல் தெரியத் தொடங்கியது. அம்மா மடியில் ஒரு பையை அணைத்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

படகுக் கொட்டகையில் மாமா ஒரு சாக்கு மனிதனைச் செய்து வைத்திருந்தார். கால்களில் மணல், நெஞ்சில் தேங்காய் மட்டை, கைகளுக்குச் சுருட்டிய சாக்கு, தலைக்கு ஒரு மாவுப் பை. முகம் வரையவில்லை. அம்மா பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தாள்.

மாமாவின் முகம் மாறியது. "வேற சட்டை இல்லையாக்கா?"

"இருக்கு. அவரு அளவுச் சட்டை போட்டாத்தான் பெல்ட்டு எப்படி உக்காருதுன்னு தெரியும்."

தையற்காரி சொல்லும் நியாயமாகத்தான் அது இருந்தது. பொத்தான்களை மாட்டிவிட்டுக் காலரை இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது செய்வதுபோலவே.

வானமும் கடலும் அன்று ஒரே சாம்பல் நிறம். பாயில் காற்று நிறைந்திருந்தது. ஆனாலும் எங்கும் சத்தமே இல்லை. நானும் அம்மாவும் படகுத்துறையில் நின்றோம். துவான் சுக்கான் பிடிக்க, மாமா பெல்ட் மாட்டிய சாக்கு மனிதனை விளிம்பில் உட்காரவைத்தார். தூரத்திலிருந்து பார்க்க, இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு மாமா அவரைத் தள்ளினார்.

கயிறு விறைத்தது. வெள்ளைச் சட்டை தண்ணீருக்கடியில் படகின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடியது. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போவதைப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அடுத்த கணம் கயிறு தொய்ந்தது. மாமா இழுத்தார். பெல்ட் மட்டும் வந்தது. தையல் ஒன்றுகூட விடவில்லை, கொக்கி போட்டது போட்டபடி இருந்தது. உள்ளேதான் ஆள் இல்லை.

படகு திரும்பி வட்டமடித்துத் தேடியது. "காணோம்!" என்று மாமா கத்தினார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

முதலில் பார்த்தவள் நான்தான். அவர்கள் தேடிய இடத்தில் இல்லை. எங்களுக்கு நேர் எதிரே, கரைக்குப் பக்கத்தில். மணல் காலை இழுக்க, மட்டை நெஞ்சைத் தூக்க, அது நேராக நின்றுகொண்டிருந்தது. தலையும் தோளும் தண்ணீருக்கு மேலே. ஏறுகிற கடல் அதை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. முகமில்லாத அந்தத் தலை ஒவ்வொரு அலைக்கும் லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்தது, எங்களை அடையாளம் கண்டுகொண்டதுபோல.

"அப்பா!" என்று கத்தினேன்.

அம்மா என்னை அதட்டவில்லை. துறையின் படிகளில் இறங்கினாள். சேலை தண்ணீரில் விரிய, இடுப்பளவு ஆழத்தில் நின்று காத்திருந்தாள். அது அவளிடம் வந்து சேர்ந்ததும் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். அலை அவர்கள் இருவரையும் சேர்த்தே அசைத்தது.

மாமா ஓடிவந்து கரையேற்றினார். அம்மா ஈரத்தோடு உட்கார்ந்து அந்தக் கைகளைத் தூக்கியும் இறக்கியும் பார்த்தாள்.

"கை மேல போனா கழண்டுருது. தொடைய சுத்தி ரெண்டு வார் வெக்கணும்," என்றாள். 

கொட்டகையிலேயே கையால் தைத்தாள். மாமா சாக்கு மனிதனை மறுபடி தூக்கப் போனபோது தடுத்தாள்.

"இவர விடு. வேற சாக்கு கட்டிக்க."

வேறு சாக்கு போனது. கழலாமல் திரும்பி வந்தது. அப்புறம் மாமாவே குதித்தார். மூக்கில் தண்ணீர் வழிய மேலே ஏறி, "நல்லாப் புடிக்குதுக்கா," என்றார். பல வருடங்களுக்குப் பின் உபின் தீவுக்கு அப்பால் அவர் உண்மையாகவே விழுந்தபோதும் அந்த வார்கள்தான் பிடித்தன. விலா எலும்பு விரிசல் விட்டதோடு பிழைத்தார்.

ஆனால் அந்த மாலை எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. துறைக்கு அப்பால் ஆளில்லாத மணலுக்குச் சாக்கு மனிதனைத் தூக்கிப் போனார்கள். மாமா காய்ந்த மட்டைகளையும் உடைந்த பலகைகளையும் அடுக்கி அதன்மேல் படுக்கவைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். எரியும் ஓலை ஒன்றை அம்மா என் கையில் கொடுத்தாள்.

"பொம்பளப் புள்ளக்கா," என்றார் மாமா.

"வேற யாரு இருக்கா?"

வைத்தேன். ஈரச் சட்டை முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அம்மா சேலைத் தலைப்பால் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். மாமா மணலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் வருவார் வருவார் என்றார்கள். யாரும் கயிறு போட்டு இழுக்காமல், வழி தெரிந்து, நேராக நின்றபடியே வந்தார். வந்தவரை ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டேன்.