இசைத்தட்டில் மூத்தவன்

என் பெரியண்ணன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வேஷம் கட்டினார். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது, வெறும் குரல் மட்டும். தம்பியை வயற்காட்டில் வைத்துக் கொன்றுவிட்டு, கடவுள் வந்து கேட்கும்போது தெரியாது என்று சொல்கிறானே கிறிஸ்தவ வேதத்தில் ஒரு மூத்தவன், அவனுக்குத்தான் அண்ணன் குரல் கொடுத்தார். அதற்குக் கிடைத்த கூலி ஒரு டம்ளர் காப்பி.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை வருஷ இடைவெளியில் போய்விட்டார்கள். பெரியண்ணன், சின்னண்ணன், நான் என்று மூன்று பேர்தான் வீட்டில். எனக்குப் பதினேழு வயது. பெரியண்ணன் முப்பதைத் தாண்டியிருந்தார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்று ஒரே பிடிவாதம். ஊரில் கல்யாண வயதில் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாம் என்னை முறைத்துப் பார்ப்பார்கள், ஏதோ நான்தான் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்பதைப் போல.

இரண்டு மைல் தள்ளி ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே கோயமுத்தூரிலிருந்து ஒலிப்பதிவு மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். வேதத்தின் ஆரம்பக் கதைகளை எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே பேசவைத்து இசைத்தட்டாக்கப் போகிறார்களாம். படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம் அல்லவா. தலைமை ஆசிரியர் கடவுளானார். சபையில் போதிக்கும் உபதேசியார் இளையவன் ஆனார். கொலைகாரனாகத்தான் ஒருத்தரும் வரவில்லை. அந்தப் பழி குடும்பத்தை ஒட்டிக்கொள்ளும் என்று சபைக்காரர்கள் எல்லாம் நழுவிவிட்டார்கள். அன்றைக்கு விடுதிக்கு விறகு இறக்க வண்டி ஓட்டிப் போயிருந்தார் என் அண்ணன். கணீரென்ற குரல், போதாததற்கு வேறு சாமி கும்பிடுகிறவர். ஒட்டினால் இவரை ஒட்டட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். சன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, கோழியையெல்லாம் விரட்டிவிட்டுப் பதிவு செய்தார்களாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆறேழு மாதம் கழித்துத் தட்டுகள் வந்தன. மொத்தம் நான்கு. உலகம் உண்டானது ஒன்று, தோட்டமும் பாம்பும் ஒன்று, அண்ணன் தம்பி ஒன்று, வெள்ளம் ஒன்று. சாவி கொடுத்துச் சுற்றவிடும் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு மிஷனைச் சேர்ந்த ஒரு அம்மாள் ஊர் ஊராகப் பஸ்ஸில் போவார். எல்லாரும் அவரைப் பெட்டியம்மா என்றே சொன்னோம். எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் ஒரு மத்தியானம் வந்து வைத்தார். நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்த மூன்றாவது வருஷம். வெள்ளத்துத் தட்டைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு வாயில் எச்சில் ஊறியது. "நாப்பது நாள் மழைங்களா? ஏனுங்கம்மா, உங்க சாமிகிட்டச் சொல்லி நமக்கு ஒரு நாலு நாளைக்குக் கேட்டுப்பாருங்க" என்றார் ஒருவர். பெட்டியம்மா அவசரமாகத் தட்டை மாற்றினார்.

அடுத்தது அண்ணன் தம்பி. மூத்தவன் குடியானவன், இளையவன் ஆடு மேய்ப்பவன். மூத்தவன் விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைக்கிறான், இளையவன் ஆட்டைப் படைக்கிறான். கடவுள் ஆட்டை ஏற்றுக்கொண்டு வெள்ளாமையைத் தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான், கூட்டம் கொதித்துவிட்டது. "அவன் ஆட்டை எவங்காட்டுல உட்டு மேய்ச்சானோ!" "பாடுபட்டு வெளைய வெச்சவன் இளிச்சவாயனுங்களா?" இப்படி ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். அதன் பிறகு கொலை. ஒரு அலறல், கொஞ்ச நேரம் கரகரவென்று ஊசி ஓடும் சத்தம். பிறகு கடவுள் கேட்கிறார், உன் தம்பி எங்கே என்று.

என் அண்ணன் குரல் வந்தது. "தெரியாதுங்க சாமி. அவனுக்கு நானென்னுங்க காவலா?"

கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. மணியக்காரர் முன்னால் நின்று பேசுவது போல அவ்வளவு பதவிசு. கூட்டத்தில் யாரோ, "எத்தன மருவாதியாச் சொல்றானுங்க, பாவம்" என்றார்கள். சின்னண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணா, என்னையக் கொன்னுபோட்டீங்களேண்ணா!" என்று தரையில் விழுந்து காட்டினான். பெரியண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

பெட்டியைக் கட்டும்போது பெட்டியம்மா என்னிடம் ஒன்று சொன்னார். "அந்த ஒரு வரிய ஏழு தடவ சொல்ல வெச்சாங்க, கண்ணு. ஆறு தடவையும் சண்டைக்குப் போறாப்பலக் கத்துனாரு. ஏழாவதா இப்படிச் சொன்னாரு. எனக்கு ஒடம்பே புல்லரிச்சுப்போச்சு." அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது நல்லதாகப் படவில்லை.

அதற்கு அடுத்த மாதமே கிணற்றுத் தகராறு வந்தது. அப்பா இருக்கும்போதே தோட்டங்காட்டை இரண்டாகப் பாகம் பிரித்திருந்தார். கிணறு மட்டும் பொது. ஒரு நாள் பெரியவர் முறை, மறுநாள் சின்னவன் முறை. தண்ணீர் வற்ற வற்ற எருது இழுக்கும் ஒவ்வொரு சால் தண்ணீரும் கணக்கானது. பெரியண்ணன் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், அவருடைய முறைத் தண்ணீரைச் சின்னண்ணன் தன் மிளகாய்க்கு இறைத்துவிட்டான். பெரியண்ணனுடைய புகையிலை நாற்று சுருண்டுபோனது. திரும்பி வந்து பார்த்தவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "பரவால்லைங்க" என்றார் தம்பியிடம்.

எங்கள் பக்கத்தில் பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வேறு கணக்கு. தம்பியை வாடா போடா என்று கூப்பிடும் வரைக்கும் ஒன்றும் பயமில்லை. வாங்க, உக்காருங்க என்று ஆரம்பித்தால் அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றினது போல வீடே அணைந்துவிடும். அப்பாவும் அப்படித்தான். இந்தத் தடவை நான்கு மாதம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசவில்லை. "சாப்பாடு ஆச்சுங்களான்னு அவிகளக் கேளு அம்மணி" என்பார் பெரியவர், தம்பி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. நான் நடுவில் தபால்காரி.

அந்தச் சமயம் பார்த்துப் பெட்டியம்மா கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூர் போனார். திரும்பும் வரை பெட்டி பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். போட்டுக் கேட்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அண்ணன்மார் காட்டுக்குப் போனதும் நான் பெட்டியைத் திறப்பேன். மற்ற மூன்று தட்டுகளையும் ஒப்புக்கு ஒரு தரம் போடுவேன். அண்ணன் தம்பித் தட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவேன். சாவி தளரும்போது குரல் கனத்து இழுக்கும். அப்போது அது என் அண்ணன் குரல் இல்லை, கிணற்று அடியிலிருந்து வேறு யாரோ பேசுவது போல இருக்கும். அவசரமாகச் சாவியைச் சுற்றுவேன், அண்ணன் திரும்ப வந்துவிடுவார். பொழுது சாய்ந்து அவர் வீட்டுக்கு வந்து, "அவிக வந்துட்டாங்களா அம்மணி?" என்று தம்பியைப் பற்றி என்னிடம் கேட்கும்போது எனக்குத் தட்டு எது, மனுஷன் எது என்று குழம்பும். கையில் மண்வெட்டி இருக்கும். குடியானவன் கையில் மண்வெட்டி இல்லாமல் வேறென்ன இருக்கும்? ஆனாலும் பார்ப்பேன். மண்வெட்டியைக் கழுவியிருக்கிறாரா என்று கூடப் பார்த்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் கிணறு அடியோடு வற்றிவிட்டது. பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்த வேண்டும். கிணறு வெட்டும் ஆட்கள் வந்து இருபது நாள் வேலை செய்தார்கள். பிறகு வெடிமருந்து வைப்பவருக்குக் காய்ச்சல் கண்டு எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஐந்து குழி போட்டு மருந்து கெட்டித்தபடி இருந்தது. திரியில் தீ வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர்களோடு கூடவே இருந்து பார்த்த சின்னண்ணன் தானே இறங்குகிறேன் என்றான். தீயை வைத்துவிட்டு வடத்தில் கட்டிய பலகையில் உட்கார்ந்து குரல் கொடுக்க வேண்டும். மேலே வடத்தைப் பூட்டிய எருதுகளைச் சரிவில் இறங்க ஓட்டினால், தண்ணீர்ச் சால் மேலே வருவது போல ஆள் மேலே வந்துவிடுவான். திரி எரிந்து முடிய, வெற்றிலை போட்டு மென்று துப்பும் நேரம் இருக்கிறது. பதறாமல் செய்தால் ஒன்றுமில்லை. எருது ஓட்ட இருந்தது பெரியண்ணன் ஒருவர்தான்.

நான் மோர் கொண்டுபோயிருந்தேன். சின்னண்ணன் பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தான். எருதுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியண்ணன் நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பி முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பாத்து எறங்குங்க."

கோபம் இல்லை, நடுக்கம் இல்லை, அதே பதவிசு. தட்டில் எழுபது எண்பது தடவை கேட்ட குரல் என் கண் முன்னால் வாயைத் திறந்து பேசுகிறது. சின்னண்ணன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே இறங்கிப்போனான். நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் எருதுக் கயிற்றைப் பற்றினேன்.

"நான் ஓட்றேன். உடுங்க."

"மாடு உனக்குப் பழக்கமில்ல அம்மணி."

"உங்க கையில உட மாட்டேன்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் அப்படி ஆகி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கி வளர்த்தவர். கயிற்றை என் கையில் விட்டுவிட்டு நடந்துபோய்க் கிணற்று மேட்டில் நின்றுகொண்டார்.

கீழே இருந்து சின்னண்ணன் குரல் வந்தது, "இழுங்கண்ணோ!" நான் ஓட்டினேன். எருதுகள் நகரவில்லை. கத்தினேன், அடித்தேன். என் குரலுக்கு அவை பழகாதவை. ஒன்று முன்னே போனால் ஒன்று பின்னே இழுத்தது. கீழே இருந்து மறுபடி குரல், இந்தத் தடவை கூச்சலாக. அண்ணன் பாய்ந்து வந்து என்னைத் தள்ளிவிட்டு ஒரு அதட்டுப் போட்டார். உடனே இரண்டும் சரிவில் இறங்கின. வடம் ஏறியது. பாதிக் கிணறு ஏறியிருக்கும், வெடித்துவிட்டது.

சின்னண்ணனை மேலே எடுத்தபோது உயிர் இல்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் ஆகாது.

மத்தியானத்துக்குள் ஊரே கூடிவிட்டது. மணியக்காரரும் போலீஸ்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். நான் எருதுகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று இருந்தது. வரட்டும் என்றும் இருந்தது.

மணியக்காரர் கேட்டார். "கயிறு ஆரு கையில இருந்துச்சு?"

"எங்கையிலதானுங்க" என்றார் அண்ணன். "மாடு மொரண்டு பண்ணிருச்சுங்க. தங்கச்சி மோரு கொண்டாந்துது, அக்கட்ட தள்ளி நின்னுட்டு இருந்துதுங்க."

மணியக்காரர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தட்டைக் கேட்டவர்தான். அங்கே நின்ற எல்லாரும் கேட்டவர்கள்தான். தண்ணீர்த் தகராறும் எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் வேறு விதமாக எழுதிக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "நீ இன்னொரு ஊட்டுக்குப் போகோணும் கண்ணு" என்றார். "நானு ஆம்பள. பேசிட்டுப் போறாங்க." நான் ஏன் கயிற்றைப் பிடுங்கினேன் என்று அப்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நான்கு மாதம் பேசாத மனுஷன் எடுத்த எடுப்பில் வாடா என்று எப்படிச் சொல்வார், ங்க போட்டுத்தானே பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. சந்தையில் அவர் வந்து நின்றால் பேச்சு நிற்கும். பெட்டியம்மா கண் கட்டோடு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார், அவரும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இரண்டு வருஷம் போயிற்று.

கோயமுத்தூரில் சொந்தமாக மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த குடும்பத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. நிச்சயம் ஆன பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எங்கள் பெரியப்பாவைத் தனியாக அழைத்து, மற்றதெல்லாம் சரி, அந்த அண்ணன் மட்டும் மணவறைக்கு வர வேண்டாம், அண்ணன் செய்ய வேண்டிய சீரைப் பங்காளி யாராவது செய்யட்டும் என்றாராம். பெரியப்பா சங்கடப்பட்டுக்கொண்டு அதை என்னிடம் வந்து கேட்டார். நீ வேண்டாம் என்றால் இந்தச் சம்பந்தத்தையே விட்டுவிடலாம் என்றார்.

சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். வெளியே அண்ணன் என் கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் சொன்னபடியே செய்யலாம், சரி என்று சொல்லிவிட்டேன்.