கையில் கொடுக்காத கத்தி

எங்கள் வீட்டில் கத்தியை யாரும் யார் கையிலும் கொடுக்க மாட்டோம். கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வருமாம். இதை மறந்துவிட்டு நானும் என் தம்பியும் அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமல்ல. சண்டை வராமல் இருக்க அடி! இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

பெரியவர்களான பிறகு அக்காவும் தம்பியுமாகத் திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தோம். தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டலில் வேலை. நான் காய் நறுக்க, அவன் கோழி வெட்ட. அந்த அடுக்களையில் எலும்பை வெட்டுகிற பெரியது வெட்டுகத்தி, இறைச்சி அரிகிற சின்னது பிச்சாத்தி. வெறுமனே கத்தி என்று கேட்டால் எந்தக் கத்தி என்று திருப்பிக் கேட்பார்கள். தம்பி தன் பிச்சாத்தியை ஆரியசாலைக் கடைத்தெருவில் சொந்தமாக வாங்கி வைத்திருந்தான். காலையில் வந்ததும் அதைக் கல்லில் தீட்டிய பிறகுதான் டீ. அவன் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பிறகு அதன் மேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது. "அதுக்கும் ஒரு பூ வாங்கி வைல" என்று நான் கேலி செய்வேன்.

அன்று மதியக் கூட்டம். புரோட்டா மாஸ்டர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். எண்ணெய் டின்னைத் திறக்க அவசரத்தில் தம்பியின் பிச்சாத்தியை எடுத்துக் குத்தினார். முனை ஒடிந்தது.

"அண்ணாச்சி, இது எம் பிச்சாத்தில்லா?" என்றான் தம்பி.

"இருந்தா என்னல? பொண்டாட்டியப் பிடிச்சு வைக்கத் துப்பில்ல. இதையாவது கெட்டியாப் பிடிச்சுக்க."

தம்பி அறைந்தான். மாஸ்டர் அவன் மூக்கில் ஒரே குத்தாகக் குத்தினார். ரத்தம் சட்டையில் கொட்டியது. தம்பி பிச்சாத்தியைப் பறித்து ஓங்கினான். அடுக்களை முழுவதும் "கத்தி, கத்தி" என்று அலறியது. காலையிலிருந்து பிச்சாத்தியாகக் கிடந்தது, ஓங்கியதும் எல்லார் வாயிலும் கத்தியாகிவிட்டது.

நான் ஓடிப்போய் நடுவில் நின்று கையை நீட்டினேன். "ஏல, அத அக்காட்ட தா."

அவன் என்னைப் பார்த்தான். மூச்சிரைப்பு தணிந்தது. தந்துவிடுவான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நீட்டிய கையில் தந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவ்வளவு கோபத்திலும், மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக, அந்தப் பாவி வழக்கத்தை விடவில்லை. என்னோடு சண்டை வந்துவிடக் கூடாதாம். குனிந்து, பிச்சாத்தியைப் பக்கத்தில் இருந்த வெட்டுக்கட்டையின் மேல் வைத்தான்.

நான் எடுப்பதற்குள் மாஸ்டரின் கை முந்திக்கொண்டது.

முதல் வீச்சைத் தம்பி வலது உள்ளங்கையால் தடுத்தான். அடுத்தது முழங்கைக்குக் கீழே இறங்கியது. முனைதான் போயிருந்தது, வெட்டும் வாய் நல்ல கூர். அன்று காலை அவனே தீட்டியது. நான் நறுக்கி வைத்திருந்த வெங்காயமெல்லாம் சிவந்துபோயிற்று. சட்டுவத்தை எடுத்து மாஸ்டரின் மண்டையில் அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். முதலாளி வாசலில் நின்று, ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடச் சொல்லி, "வண்டி விளிக்கடா, வண்டி விளி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்து மாஸ்டரைக் கொண்டுபோனது. பிச்சாத்தியை ஒரு கவரில் போட்டு ஆயுதம் என்று எழுதிக்கொண்டார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான். வலது கை விரல்கள் மட்டும் மடங்குவதில்லை. கோழி வெட்டுவது முடிந்துபோன கதை. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டான்.

போன வாரம் மாங்காய் அரிய உட்கார்ந்தான். கத்தி கேட்டான். நான் பழக்கத்தில் தரையில் வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்து, கைப்பிடியை நேராக அவனிடம் நீட்டினேன்.

அவன் பதறி இடது கையைப் பின்னால் இழுத்தான். "கீழ வைக்கா. நமக்குள்ள சண்டை வந்துரும்."

"வரட்டும்ல" என்றேன். அந்தக் கையை இழுத்து, கத்தியை அதில் வைத்து, விரல்களை நானே மூடினேன்.