பூட்டிக் கிடந்த எபிடயாஸ்கோப்

மருதேவி டீச்சர் வந்தவாசிப் பக்கத்துச் சமண விவசாயக் குடும்பத்துப் பெண். 1979இல் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுத்தார். ஒன்பதாம் வகுப்பில் அறுபத்திரண்டு பேர். எதை நறுக்கித் தூக்கிக் காட்டினாலும் முதல் இரண்டு பெஞ்சுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, கண்ணால் கண்டதாக எழுதினார்கள். அந்தப் பொய் அவருக்குப் பொறுக்கவில்லை.

பள்ளியில் ஒரு எபிடயாஸ்கோப் இருந்தது. கனத்த இரும்புப் பெட்டி. அடியில் ஒரு தாளையோ இலையையோ வைத்து விளக்கைப் போட்டால், அது சுவரில் ஆளுயரத்துக்கு விழும். இன்ஸ்பெக்‌ஷன் நாள் தவிர அது பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை. தலைமையாசிரியை சந்திரம்மாளிடம் மருதேவி மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

"பல்பு போயிட்டா மெட்ராஸ்லேர்ந்து வரணும். யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம்."

"புஸ்தகத்துல படம் இருக்குதில்ல. அது போதும்."

சாவி லேப் ஆணியில்தான் தொங்கியது. மறுநாள் ரிஜிஸ்டரில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துப் போனார். மலையைப் பார்த்த ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்தார். அதில் ஓர் எறும்பு ஏறியிருந்தது. சுவரில் அது எலி அளவுக்கு ஊர்ந்தது. வகுப்பே சிரித்தது. சூட்டில் செத்துவிடப் போகிறதே என்று மருதேவி அதை விரலில் ஏற்றி வெளியே விட்டார். கடைசி பெஞ்சிலிருந்து பச்சையம்மாள் எழுந்தாள்.

"தினம் நறுக்கறேன் டீச்சர். உள்ள அஞ்சு ரூமு இருக்குதுனு இன்னிக்குதான் பாக்கறேன்."

மாலையே சந்திரம்மாள் கையெழுத்திட்ட மெமோ வந்தது. அனுமதியின்றிக் கருவியை எடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மருதேவி ஒரே வரியில் பதில் எழுதினார்: 'கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை.'

அடுத்த மாதம் கல்வி அதிகாரி வந்தார். துடைத்துப் பளபளத்த பெட்டி வகுப்புக்கு வந்தது. காட்டுவதற்கென்று சந்திரம்மாள் ஒரு வண்ணப்படத்தையும் கொடுத்திருந்தார்.

"இதை எப்படிப் பயன்படுத்தறீங்கம்மா?" என்றார் அதிகாரி.

மருதேவி படத்தை மேசையில் வைத்துவிட்டு மெமோவை உள்ளே வைத்தார். சந்திரம்மாளின் கையெழுத்து முழ நீளத்துக்குச் சுவரில் விழுந்தது.

"இப்படித்தான் சார்."

அதிகாரி கடைசி வரிவரை படித்துவிட்டு மாணவிகள் பக்கம் திரும்பினார். "இந்த மிஷினை எத்தனை தடவ பாத்திருக்கீங்க?"

"ஒரே ஒரு தடவ சார்."

சாவி இனி அறிவியல் ஆசிரியரிடமே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அது எட்டு மாதம் மருதேவியிடம் இருந்தது. ஜூனில் அவருக்குச் செங்கம் தாண்டி ஒரு கிராமத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

"கொஞ்சம் அனுசரிச்சிருக்கலாம்" என்றார் சந்திரம்மாள்.

"அந்தப் பொண்ணுங்க பாத்துட்டாங்க மேடம். அது போதும் எனக்கு."

புதுப் பள்ளியில் கரண்டே இல்லை. மருதேவி பிள்ளைகளின் அம்மாமார்களைக் கூட்டிக்கொண்டு திங்கள்தோறும் மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்தார். இரண்டு வருஷம் கழித்து வயர் வந்தது. அந்த வாரமே கல்வி அலுவலகத்துக்குப் போய் எபிடயாஸ்கோப் கேட்டு விண்ணப்பித்தார்.

"கிராமத்து ஸ்கூலுக்கு இதெல்லாம் ஜாஸ்திங்க" என்று கிளார்க் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

மருதேவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, அதே விண்ணப்பத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்.